சுட்ட எண்ணெயும் குடல் நுண்ணுயிரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முடிந்து பத்து நாளான பிறகும் பல வீடுகளில் அடுப்பு மேடை ஓரம் ஒரு எவர்சில்வர் தூக்கு நிற்கும். முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெய் அதில் இருக்கும். வாங்கும்போது பொன்னிறமாக இருந்தது இப்போது கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது. மறுநாள் அப்பளம், அடுத்த வாரம் பஜ்ஜி என்று அது தீரும்வரை ஓடும். என் வீட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை பொரித்த எண்ணெயே கெட்டுப்போனதுதானா?

இல்லை. அளவான சூட்டில் ஒருமுறை பூரியோ அப்பளமோ பொரித்த எண்ணெயைத் தாளிக்கவும் குழம்பு, பொரியலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இதையே சொல்கிறது: ஒருமுறை பொரித்ததை வடிகட்டிக் குழம்புக்குப் பயன்படுத்துங்கள், மறுபடி பொரிக்க வைக்காதீர்கள், ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சுட்ட எண்ணெய் என்று குறிப்பிடுவது பலமுறை காய்ந்து, ஆறி, மறுபடி காய்ந்து, நிறமும் குணமும் மாறிப்போன எண்ணெயைத்தான்.

காயும்போது எண்ணெய்க்குள் என்னதான் நடக்கிறது?

உளுந்து வடையை எண்ணெயில் விட்டதும் சடசடவென்று குமிழ் எழுகிறது. மாவில் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. எண்ணெயைக் கெடுக்கும் முதல் வேலையை அந்த நீராவியே தொடங்கிவைக்கிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரால் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்களைக் கோத்தது போன்ற அமைப்பு. 170, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி பட்டால் அந்தக் கோவை அவிழ்ந்து கொழுப்பு அமிலங்கள் தனியே கழல்கின்றன. அவை சேரச் சேர எண்ணெய் சீக்கிரமே புகையத் தொடங்கும். தனித்து நின்ற கிளிசரால் கடும் சூட்டில் உடைந்து அக்ரோலின் என்ற பொருளாகிறது. பழைய எண்ணெய் காயும்போது கண் எரிந்து தொண்டை கமறுவது அதனால்தான்.

இரண்டாவது வேலை காற்றுடையது. ஆக்சிஜன் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளை, அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாகப் பிணைந்திருக்கும் இடங்களைத் தாக்கிப் பெராக்சைடுகளை உண்டாக்குகிறது. அவை அந்தச் சூட்டில் நிலைக்காமல் ஆல்டிஹைடுகளாக உடைகின்றன. சூரியகாந்தி எண்ணெயில் மிகுதியாக இருக்கும் லினோலிக் அமிலத்திலிருந்து ஹைட்ராக்சிநொனினால் என்ற ஆல்டிஹைடு பிறக்கிறது. உயிரணுக்களில் உள்ள புரதங்களோடு இது எளிதில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

மூன்றாவது மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பலகாரம் சுட்ட வாணலியின் விளிம்பில், எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் அரக்குப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு வளையத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதுவும் எண்ணெயாக இருந்ததுதான். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்டு இறுகிவிட்டன. அதே பிணைப்பு தூக்கில் உள்ள எண்ணெய்க்குள்ளும் நடந்திருக்கிறது. ஊற்றும்போது புது எண்ணெயைப் போல் ஓடாமல் கொழகொழவென்று விழுவது அதனால்தான்.

இந்த மூன்று வழியிலும் சேரும் பொருள்களை ஒன்றாக அளந்து மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று சொல்கிறார்கள். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு இன்று உலகெங்கும் பயன்படும் அளவுகோல் இது.

கொழுப்பு சிறுகுடலிலேயே செரித்துவிடும் என்கிறார்கள். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நல்ல எண்ணெய் பெரும்பாலும் சிறுகுடலில் செரித்து உறிஞ்சப்பட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்துப்போன மூலக்கூறுகளை நம் செரிமான நொதிகளால் சரியாக வெட்ட முடிவதில்லை. அவற்றில் ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலுக்கு இறங்குகிறது. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016இல் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பெருங்குடலில்தான் இருக்கின்றன.

இன்னொரு வழி பித்தநீர். எண்ணெய்ப் பண்டம் மிகுந்தால் அதைக் கரைக்கப் பித்தநீரும் மிகுதியாகச் சுரக்கும். பித்த அமிலங்கள் சோப்பைப் போலக் கொழுப்பைக் கரைப்பவை. பல பாக்டீரியாக்களின் மேலுறையும் கொழுப்பால் ஆனதுதான் என்பதால் பித்தத்தைத் தாங்கும் இனங்கள் பெருகும், தாங்காதவை மெலியும்.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பெருங்குடலின் உட்சுவர் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. அதன்மேல் ஒரு சளிப்படலம், அவ்வளவுதான் காவல். அந்த உயிரணுக்களுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்திலிருந்து கிடைக்கிறது. அதைச் செய்து தருபவை நாம் தின்னும் நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள். பியூட்டிரேட்டை எரிக்க அந்த உயிரணுக்கள் ஆக்சிஜனைச் செலவழிப்பதால் குடலின் உள்வெளி ஆக்சிஜன் இல்லாமல் இருக்கிறது. நல்ல பாக்டீரியாக்கள் பலவும் அந்த நிலையில்தான் செழிக்கும். சுவர் அழற்சியுற்றால் ஆக்சிஜன் உள்ளே கசியும். ஆக்சிஜனில் தழைக்கும் ஈ கோலி போன்ற இனங்கள் கை ஓங்கும். பியூட்டிரேட் இன்னும் குறையும், சுவர் இன்னும் நலிவடையும். கெட்ட எண்ணெயின் ஆல்டிஹைடுகள் சுவரில் அழற்சியைத் தூண்டினால் இந்தச் சுழல் எங்கிருந்து தொடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சுவர் நலிந்தால் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நச்சு இரத்தத்தில் கலக்கிறது. குடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். ஆகையால் முதல் அடியும் அங்கேதான் விழுகிறது.

இதையெல்லாம் ஆய்வில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் எலிகளில். மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்கு எண்ணெயை ஆய்வகத்தில் காய்ச்சவில்லை. அந்த ஊர் உணவகம் ஒன்றில் கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபல் பொரித்த கனோலா எண்ணெயை (கடுகு இனத்து வித்திலிருந்து எடுப்பது) வாங்கி, பெருங்குடல் அழற்சி உள்ள சுண்டெலிகளின் தீனியில் கலந்தார்கள். புது எண்ணெய் தின்ற எலிகளைவிட இவற்றின் குடலில் அழற்சி அதிகமானது, கட்டிகள் பெருத்தன, குடல் சுவர் கசிந்து பாக்டீரியாவின் நச்சு இரத்தத்துக்குள் போனது. எண்ணெயிலிருந்து துருவச் சேர்மங்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தபோதும் அதே விளைவு தெரிந்தது. ஆகவே கொழுப்பின் அளவைக் காரணம் சொல்லித் தப்ப முடியாது. கெட்டுப்போன பகுதியின் வேலைதான் அது.

இரண்டாவது நம் ஊரைச் சேர்ந்தது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் சண்முகம் குழுவினர் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் தங்கள் முடிவுகளை முன்வைத்தார்கள். நாம் அன்றாடம் புழங்கும் நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும்தான் அவர்கள் எடுத்துக்கொண்டவை. பெண் எலிகளை ஐந்து குழுவாகப் பிரித்து, வெறும் தீனி, காய்ச்சாத எண்ணெய், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் என்று 30 நாள் கொடுத்தார்கள். எண்ணெயின் அளவு நாளொன்றுக்கு 0.1 மில்லிலிட்டர், ஏறக்குறைய இரண்டு சொட்டு. காய்ச்சிய எண்ணெய் தின்றவற்றின் பெருங்குடல் சிதைந்திருந்தது, எண்டோடாக்சின் அளவு மாறியிருந்தது, கல்லீரலில் அழற்சி இருந்தது. மூளைக்குத் தேவையான டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு கல்லீரலிலிருந்து அங்கே போய்ச் சேர்வதும் குறைந்திருந்தது. குடல், கல்லீரல், மூளை மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் அந்தக் குழுவினர். நல்லெண்ணெய் என்பதால் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது மனிதர்களிடம் நடத்தியது. சீனாவில் உடல் பருத்த 117 இளவயதினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரத்துக்கு நான்கு முறை பொரித்த இறைச்சி கொடுத்தார்கள். மறு பிரிவினருக்குப் பொரித்த இறைச்சியே இல்லை. நான்கு வாரத்தில் பொரித்ததைத் தின்றவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன, பியூட்டிரேட் குறைந்தது, சர்க்கரையைக் கையாளும் திறனும் சரிந்தது. 2021இல் வெளிவந்த இந்த ஆய்வு பொரித்த உணவைப் பற்றியது, மறுபடி காய்ச்சிய எண்ணெயைத் தனியே பிரித்துப் பார்த்தது அல்ல. இந்த வேறுபாட்டை மறைத்து, மனிதர்களிடமே நிரூபித்துவிட்டார்கள் என்று பரப்புவது தவறு. எலியில் தெளிவாகத் தெரிந்த வழியும் மனிதரில் தெரிந்த விளைவும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. என் சமையலறைப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் சுட்ட எண்ணெய் புற்றுநோய் தருமா?

ஆம்ஹர்ஸ்ட் ஆய்வில் எலிகளுக்குக் குடல் அழற்சியும் கட்டியும் வேறு வழியில் முன்பே தூண்டப்பட்டிருந்தன. எண்ணெய் அதைப் பெரிதாக்கியது. புற்றுநோயை எண்ணெய் புதிதாக உண்டாக்கியது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆனால் உயர்ந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு, பெண்களுக்கும் பலகாரக் கடைத் தொழிலாளிகளுக்கும், இது பெரிய சேதி. சன்னலைத் திறந்துவையுங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள்.

பஜ்ஜி தின்றதும் நெஞ்சு கரிக்கிறதே, அது பாக்டீரியாவின் வேலையா?

இல்லை. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குகிறது. அமிலம் மேலேறி வருவதால் நெஞ்சு கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது. குடல் நுண்ணுயிரிகளில் வரும் மாற்றம் இப்படி உடனே சொல்லிக்காட்டாது. மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் எது இருந்தாலும் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள்.

பொரிக்க எந்த எண்ணெய் நல்லது?

இரட்டைப் பிணைப்பு குறைந்த எண்ணெய் சூட்டை அதிகம் தாங்கும். கடலை எண்ணெயும் தவிட்டெண்ணெயும் வீட்டில் பொரிக்கப் பொருத்தமானவை. சூரியகாந்தி எண்ணெய் ஒருமுறை பொரிக்கச் சரி, மறுபடி காய்ச்சினால் சீக்கிரம் கெடும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காற்றால் எளிதில் கெடாது, ஆனால் நீராவியால் சீக்கிரம் அவிழும். செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு மணமும் சுவையும் உண்டு. தாளிக்க அதைப்போல் வேறில்லை. ஆனால் அதில் மண்டியும் ஈரமும் மிச்சமிருப்பதால் நீண்ட நேரம் பொரித்தால் சீக்கிரம் கருத்துப் புகையும். செக்கு எண்ணெய் என்பதாலேயே எத்தனை முறை காய்ச்சினாலும் கெடாது என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

வெள்ளைத் துணியில் வடிகட்டிவிட்டால் போதாதா?

வடிகட்டுவது அடியில் தங்கிய கசண்டை நீக்கும். கசண்டு அடுத்த முறை கருகாமல் இருக்க அது தேவைதான். கரைந்திருக்கும் ஆல்டிஹைடையும் பிணைந்த கொழுப்பையும் எந்தத் துணியும் பிடிக்காது. குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் கெடும் வேகத்தைத் தணிக்குமே தவிர, கெட்டதைத் திருப்பாது.

பழையதோடு கொஞ்சம் புது எண்ணெய் சேர்த்துக்கொண்டால்?

பலரும் செய்வது இதுதான், நானும் செய்திருக்கிறேன். பழையதில் இருக்கும் பெராக்சைடுகள் புதியதையும் தொற்றிக்கொண்டு கெடுக்கின்றன. பழையது நல்லதாவதில்லை, புதியது வீணாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் விதித்தது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பொரிக்கும் நிறுவனங்கள் அதற்குக் கணக்கு வைத்து, கழித்த எண்ணெயை அனுமதி பெற்ற முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் 1 முதல் விதி. பெரிய கடைகள் கழித்த எண்ணெய் சிறிய கடைகளுக்கு மலிவாகக் கைமாறுவதைத் தடுப்பதும் இதன் நோக்கம். மலிவான எண்ணெயில் சுட்ட பண்டம் போய்ச் சேர்வது மலிவானதை மட்டுமே வாங்க முடிந்தவர்களின் வயிற்றில் என்பதால், இந்த விதி கறாராக நடப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடையில் நிற்கும்போது எப்படிக் கண்டுகொள்வது?

மாலை நான்கு மணிக்கு டீக்கடை வாணலி முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல எண்ணெயில் வடையைச் சுற்றி எழும் குமிழ்கள் பெரிதாக இருக்கும், எழுந்ததும் உடைந்துவிடும். வடை வெந்து முடியும்போது குமிழும் அடங்கும். கெட்ட எண்ணெயில் சோப்பு நுரையைப் போலப் பொடிப்பொடியான நுரை எழுந்து வாணலியின் ஓரம்வரை படர்ந்து, வடையை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். மாவு போடும் முன்பே புகை வருகிறதா என்று பாருங்கள். காறல் வாடை தெருவிலேயே தெரிந்தால் வடையை எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதிரசத்தின் வெல்லமும் மிளகாய்த் தூளும் புது எண்ணெயையே கருக்கவைக்கும். வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து தின்பதையும் விட்டுவிடுங்கள், அச்சு மை சூட்டில் வடைக்கு ஏறும். முறையிட வேண்டுமானால் ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் பதியலாம். அதற்குமுன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அவரும் அவர் பிள்ளைகளும் அதே வடையைத்தான் தின்கிறார்கள்.

வீட்டில் பலகாரம் சுடாமல் இருக்க முடியாது. என்ன செய்வது?

சுடுங்கள். மாற்ற வேண்டியது ஊற்றும் அளவை. அகன்ற வாணலியில் ஒரு லிட்டர் ஊற்றுவதால்தான் முக்கால் லிட்டர் மிஞ்சுகிறது, மிஞ்சுவதால்தான் தூக்கு நிறைகிறது. வாய் குறுகி அடி குழிந்த சிறிய சட்டியை எடுங்கள். கால் லிட்டர் எண்ணெயில் ஒரு ஈட்டுக்கு மூன்று வடை மூழ்கி வேகும். வாய் குறுகினால் காற்றுப் படும் பரப்பும் குறையும். ஈடு கூடும், நேரமும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கடைசியில் மிஞ்சுவது அரை டம்ளர், அது இரண்டு நாள் தாளிப்பில் தீர்ந்துவிடும்.

சூட்டைச் சோதிக்க ஒரு துளி மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடிக்குப் போய் உடனே மேலே வந்தால் சரி. போட்டதும் மேலேயே கருகினால் சூடு மிகை, தீயைத் தணியுங்கள். புகையும்வரை விடவே கூடாது. உதிர்ந்த துணுக்குகளை ஒவ்வொரு ஈட்டுக்கும் ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுங்கள். எண்ணெய்க்கு மேலே உப்புத் தூவாதீர்கள். துருப்பிடித்த இரும்புச் சட்டியும் ஈயம் போன பித்தளைச் சட்டியும் வேண்டாம், இரும்பும் செம்பும் எண்ணெயைக் காற்று கெடுக்கும் வேகத்தைக் கூட்டுபவை.

வரிசையும் முக்கியம். அப்பளம், பூரி முதலில். முறுக்கு, தட்டை அடுத்து. அதிரசம் கடைசியில், அதன் வெல்லம் கசிந்து எண்ணெயில் கருகும் என்பதால். மீனும் கோழியும் பொரித்த எண்ணெயில் அதன்பிறகு எதையும் பொரிக்க வேண்டாம்.

ஏர் ஃபிரையர் வாங்கலாமா?

எண்ணெய் மிஞ்சும் தொல்லை இல்லை, அதுவரை நல்லது. கரைத்த மாவில் தோய்த்த பஜ்ஜி அதில் சரியாக வராது.

இத்தனை ஆண்டு சாப்பிட்டாகிவிட்டது. குடல் பழைய நிலைக்குத் திரும்புமா?

குடல் நுண்ணுயிரிகள் உணவு மாறினால் வேகமாக மாறுகின்றன. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் மட்டும் தின்றவர்களின் குடலில் பித்தத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகின. உணவை நிறுத்திய இரண்டு நாளில் பெரும்பாலும் பழைய நிலை வந்துவிட்டது. பல ஆண்டுப் பழக்கத்தை ஐந்து நாளோடு ஒப்பிட முடியாது என்றாலும், நம்பிக்கைக்கு இடம் உண்டு.

குடலைக் கழுவும் பானம், விலையுயர்ந்த மாத்திரை எதுவும் தேவையில்லை. பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியாக்களுக்குத் தீனி நார்ச்சத்து. கீரை, அவரை, வாழைத்தண்டு, முழுப்பயறு, கம்பு, கேழ்வரகு போதும். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோற்றில் நொதித்தலால் வந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களும், ஆறிய சோற்றில் சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தும் இருக்கின்றன. அந்த மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது. ஆனால் பழைய சோறு குடித்துவிட்டேன், இனிக் கெட்ட எண்ணெய் ஒன்றும் செய்யாது என்று கணக்குப் போடாதீர்கள்.

தூக்கில் இருக்கும் எண்ணெயை இப்போது என்ன செய்வது?

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயின் உள்ளே படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும், தெருச் சாக்கடையிலும் அதே கதை. செடிக்கும் ஊற்ற வேண்டாம், மண்ணின் துளைகளை மூடிவிடும். கழித்த எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் திட்டத்தை ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. திரட்டுபவர்கள் உங்கள் பகுதிக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள், குடியிருப்புச் சங்கமாகச் சேர்ந்து கொடுத்தால் வருவார்கள். இல்லையென்றால் ஆறிய எண்ணெயில் மரத்தூளோ பழைய காகிதமோ போட்டு ஊறவைத்து, உறையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். காலியான தூக்கை வெந்நீரும் சீயக்காயும் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்துவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத் தூக்கில் இப்போது கேழ்வரகு மாவு இருக்கிறது.